இல்லத்தில் தூபம்: வரலாறும் பயனும் யத்னாசாரமும்



நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் சிறு செயல்களுள் ஒன்று தூபமிடுதல். காலையில் பகவான் திருவுருவின் முன் ஓர் ஊதுவத்தி. வெள்ளிக்கிழமைகளிலும் நோன்பு நாட்களிலும் தணலில் இட்ட சாம்பிராணி. தாத்தா செய்தார், தந்தை செய்தார், நாமும் செய்கிறோம். ஆனால் அதன் பொருள் யாது, எப்பொருளை எரிக்கிறோம், அப்புகை யார் யாருடைய மூச்சில் கலக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. எண்ணிப் பாராது செய்யும் செயலைப் பிரமாதம் என்று நம் ஆகமங்கள் கூறும். ஆகவே இவ்விதழின் பாடமாகத் தூபத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறிவிடுகிறேன். என் தந்தையார் மாலைதோறும் தூபக்காலில் தணல் எடுத்து, சாம்பிராணியும் குங்கிலியமும் கை நிறைய இடுவார். மணம் வெளியே போய்விடக் கூடாது என்று சன்னல்களைச் சாத்திவிடுவார். அவ்வேளையில் என் தாயார் மட்டும் எழுந்து கிணற்றடிக்குச் சென்றுவிடுவார். “தூபம் காட்டும் நேரத்தில் எழுந்து போகலாமா?” என்று தந்தையார் ஒருமுறை கடிந்துகொண்டார். தாயார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் உள்ளேயே அமர்ந்திருந்தார். அன்றிரவு முழுதும் அவருக்கு இருமல். பல ஆண்டுகள் கழித்தே, அவருக்கிருந்தது ஆஸ்துமா என்று மருத்துவர் கூற நாங்கள் அறிந்தோம். வழிபாட்டில் அசிரத்தை என்று நாங்கள் எண்ணியது மூச்சுத் திணறலாக இருந்தது. இப்பாடத்தை எழுதத் தூண்டியது அந்த நினைவே.

1. தூபத்தின் பொருள்

அஷ்டவித அர்ச்சனையில் ஜலம், கந்தம், அட்சதை, புஷ்பம், சரு, தீபம், தூபம், பலம் என்னும் எட்டுத் திரவியங்கள் உண்டு என்பதை நம் சிறுவர்களும் அறிவர். இவற்றுள் தூபம் ஏழாவது. ஒவ்வொரு திரவியத்திற்கும் ஒரு பாவனை உண்டு. தீபம் மோக இருளை நீக்கும் பாவனை. பலம் மோட்சமாகிய பயனை வேண்டும் பாவனை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் தூபம், எட்டு வினைகளையும் எரிக்கும் பாவனை.

ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், வேதனீயம், மோகனீயம், ஆயு, நாமம், கோத்திரம், அந்தராயம் ஆகிய எண்வினைகளே எரிய வேண்டியவை. தணலில் இட்ட பொருள் எரிந்து உருவிழந்து மேலெழுவது போல, தவமாகிய தீயில் வினைகள் கழிந்து உயிர் மேனோக்கிச் செல்லவேண்டும் என்பதே கருத்து. வினை கழிந்த உயிரின் இயல்பு மேலே செல்வது என்பது நம் தத்துவம். புகை மேலெழுவதைக் காணும்போது நினைவிற்கு வரவேண்டியது அதுவே.

வீதராகனாகிய பகவானுக்கு நறுமணத்தால் ஆவது ஒன்றுமில்லை. அவர் மணத்தை விரும்புவதுமில்லை, மணமின்மையால் வருந்துவதுமில்லை. தூபம் நம் பாவனைக்குத் துணை. ஆதலின் அதிகம் எரித்தால் அதிகப் புண்ணியம் என்னும் கணக்கு இதில் இல்லை. ஒரு சிட்டிகையும் ஒரு கையளவும் பாவனையால் ஒன்றே, புகையால் வேறு.

வடநாட்டுத் திகம்பரர்களுள் ஒரு மரபினர் தீயினால் நேரும் உயிர்க்கேட்டை எண்ணித் தூபப் பொடியைத் தணலில் இடாமல் தட்டிலேயே சமர்ப்பிப்பர். நம் தமிழ்நாட்டு ஜினாலயங்களில் தூபம் காட்டும் வழக்கம் உண்டு. இரு வழக்கங்களும் ஒரே பாவனையை உடையவை. எரித்தாலன்றிப் பூஜை நிறைவுறாது என்பதில்லை என்பதை மட்டும் இங்கு மனத்தில் கொள்வோம்.

2. வரலாறு

தமிழகத்தில் நறும்புகை மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்தில் மகளிர் கூந்தலின் ஈரம் போக்கத் தகர விறகில் நெருப்பு அமைத்து, அகிலும் அயிரும் இட்டுப் புகைத்ததைக் கூறுகிறது. இங்கே புகை வழிபாட்டிற்கன்று. குளிரைப் போக்கவும் கூந்தலுக்கு மணமூட்டவுமே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, தொண்டித் துறையில் கப்பல்களிலிருந்து இறங்கிய அகில், துகில், ஆரம், வாசம், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கீழ்க்காற்று கூடல் மாநகரில் புகுந்ததாகக் கூறும். நறும்பொருள் கடல் வாணிகத்தின் தலைமைச் சரக்குகளுள் ஒன்று என்பதற்கு இது சான்று.

அகில் என்பது மரத்தின் இயல்பான மணமன்று. அம்மரம் காயமுற்று, அதில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரக்கும் பிசினே நறுமணமாகிறது. மணமுள்ள கட்டை தேடி மரங்களை வெட்டி வெட்டி இவ்வினம் அருகியது. அசாமிலும் மலேயாத் தீவுகளிலும் வளரும் அகில் மரத்தின் வாணிகம் 1995 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சாம்பிராணி, சுமத்ரா முதலிய தீவுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின். அரபு வணிகர் இதனைச் சாவகத்துக் குந்திரிக்கம் என்னும் பொருள்பட ‘லுபான் ஜாவி’ என்றனர். அச்சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. அப்பிசினிலிருந்து எடுத்த அமிலத்தைக் கொண்டு 1833 இல் ஜெர்மானிய வேதியியலார் மிட்சர்லிக் ஒரு திரவத்தைப் பெற்றார். இன்று பெட்ரோலிலும் புகையிலும் உள்ள நச்சுப் பொருளாக நாம் அறியும் ‘பென்சீன்’ அதுவே. சாம்பிராணியின் பெயரே அதற்குப் பெயராயிற்று.

ஊதுவத்தி இவற்றை எளிமையாக்கிய வடிவம். மூங்கிற் குச்சியின்மேல் கரித்தூள், மரத்தூள், பசைத்தன்மையுள்ள பட்டைத்தூள் ஆகியவற்றைப் பிசைந்து உருட்டி, உலர்த்தி, வாசனை எண்ணெயில் தோய்ப்பர். தணல் வேண்டாத ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ அதற்கும் பிற்பட்டது. அதிலும் கரித்தூளே மிகுதி. பழைய தூபத்தில் எரிந்தது பிசின். இன்றைய வத்தியில் பெரும்பகுதி எரிவது கரியும் மரத்தூளும் மூங்கிலும். இந்த வேறுபாடு கருதத்தக்கது.

3. பயன்

தூபத்தின் முதற்பயன் மனத்தை ஒருமுகப்படுத்துதல். ஒரே இடம், ஒரே வேளை, ஒரே மணம் என்று பழகிவிட்டால், அம்மணம் எழும்போதே மனம் சாமாயிகத்திற்கு அணியமாகிறது. மணத்திற்கும் நினைவிற்கும் உள்ள நெருக்கம் யாவரும் அனுபவத்தில் அறிந்ததே. ஜினாலயத்தின் மணத்தை எந்த ஊரில் நுகர்ந்தாலும் நம் சொந்தக் கிராமம் கண்முன் நிற்கிறதல்லவா?

குந்திரிக்கப் பிசினில் உள்ள ஒரு பொருள் எலிகளிடம் அச்சத்தைத் தணித்ததாக 2008 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எலிகளிடம் கண்டதை மாந்தருக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. மூலிகைப் புகை அடைத்த அறையின் காற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் குறைத்ததாக லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2007 இல் எழுதினர். இதனைச் சிலர் பெருமையாக எடுத்துரைப்பர். ஆனால் மூடிய அறையில் செறிந்த புகை நுண்ணுயிருக்கு ஒவ்வாததெனில், அதே அறையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமோ? அன்றியும், உயிர்களைக் கொல்லும் என்பதைத் தூபத்தின் சிறப்பாகக் கூறுவது நம் நாவிற்குப் பொருந்துவதன்று.

4. புகையின் இயல்பு

எது எரிந்தாலும் முழுதும் எரியாத பகுதி புகையாகிறது. அதில் மிக நுண்ணிய துகள்களும், கார்பன் மோனாக்சைடும், பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலிய வாயுக்களும் உள்ளன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். இத்தகைய துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வரையறுத்தது.

ஒரு கிராம் ஊதுவத்தி எரியும்போது சராசரியாக 45 மில்லிகிராமுக்கு மேல் துகள் எழுவதாகவும், ஒரு கிராம் சிகரெட்டில் எழுவது சுமார் 10 மில்லிகிராம் என்றும் 2008 இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்புரை கூறுகிறது. சிகரெட்டின் புகையை நேராக உள்ளிழுப்பர். தூபப்புகை அறையில் பரவும். ஆதலின் இரண்டும் ஒன்றெனக் கூறலாகாது. எனினும் ‘தூயது, ஆதலின் தீங்கற்றது’ என்னும் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இக்கணக்குப் போதும்.

சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. நெடுங்காலம் ஊதுவத்தி கொளுத்தியவர்களிடம் மேல் மூச்சுப் பாதையில் ஒருவகைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. நுரையீரற் புற்றுநோய் மிகுதிப்படவில்லை. அதே மக்களிடம் செய்த மற்றோர் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. ஊதுவத்தியைத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு 12 விழுக்காடு கூடுதல் என்று அது காட்டியது. இவை அஞ்சி நடுங்குவதற்கன்று, அளவறிந்து நடப்பதற்கே. நாள் முழுதும் வீட்டில் எரிப்பவருக்கும், காலையில் சில நிமிடம் எரிப்பவருக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இங்கே கொசுவர்த்திச் சுருளையும் குறிப்பிட வேண்டும். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் எழும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஒப்பாகும் என 2003 இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை இதனினும் நன்று. கொல்லுதலுமில்லை, புகையுமில்லை.

5. அஹிம்சை நோக்கில்

தீயும் காற்றும் நமக்கு வெறும் பூதங்களல்ல. தேயுகாயிகம், வாயுகாயிகம் என்னும் ஓரறிவுயிர்களின் உடல்கள். இல்லறத்தான் அடுப்பு மூட்டாமல் வாழ இயலாது. ஆதலின் ஆரம்ப ஹிம்சையை முற்றும் விலக்குதல் அவனுக்கு விதிக்கப்படவில்லை. ஆனால் தேவைக்கு மேற்படாமலும், கவனமின்றிச் செய்யாமலும் இருத்தல் அவன் கடமை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. ஜினபூஜையில் நேரும் சிறு குற்றம் பெரும்புண்ணியத்தைக் கெடுக்காது என்பது சமந்தபத்ர சுவாமிகளின் சுயம்பு ஸ்தோத்திரக் கருத்து. அது சிறு குற்றத்திற்குக் கூறியது. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் இருப்பதற்கு அதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

வாங்கும் பொருளிலும் ஆராய்ச்சி வேண்டும். கஸ்தூரி, மானைக் கொன்று எடுக்கப்பட்டு வந்தது. கஸ்தூரி மான் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. புனுகு, கூண்டில் அடைத்த பூனையை வருத்தி எடுப்பது. அம்பர் திமிங்கிலத்தின் உடலில் உண்டாவது. நகம் என்னும் தூபச் சரக்கு கடல் நத்தையின் ஓட்டு மூடி. அரக்கு பூச்சிகளால் ஆவது. சில தூபப் பொடிகளைத் தேனில் பிசைவர். தேனை மூலகுணத்தில் விலக்கிய நாம் அதனைப் பூஜையில் எரிப்பது எங்ஙனம் தகும்? ‘கஸ்தூரி’ என்ற பெயருடைய வத்திகளில் பெரும்பாலும் இருப்பது செயற்கை வாசனையே. எனினும் பொருள் விவரம் அச்சிடாத பொடியை வாங்காதிருத்தல் நலம்.

குக்குலு பிசினைப் பற்றியும் அறிதல் வேண்டும். இராஜஸ்தானம், குஜராத் பகுதிகளின் வறண்ட நிலத்தில் வளரும் அச்செடியை ஆழக் கீறிப் பிசின் எடுப்பதால் செடியே மடிகிறது. அழியும் தறுவாயில் உள்ள இனமாக 2015 இல் அது மதிப்பிடப்பட்டது. தாவரமும் உயிரே என்னும் நாம் இதனை அளவோடு பயன்படுத்துவோமாக.

6. செய்முறை விதிகள்

(1) கொட்டாங்கச்சி, அடுப்புக்கரி, வறட்டி ஆகியவற்றை எரிக்கும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். எறும்பும் கரையானும் அவற்றுள் தங்கும். மெல்லிய துடைப்பத்தால் ஒதுக்கி அவற்றை நிழலில் விடுக.

(2) தூபமிடும்போது எதிரெதிராக இரு சன்னல்களாவது திறந்திருக்க வேண்டும். முற்றம் உள்ள வீட்டில் முற்றமே தக்க இடம்.

(3) ஒரு வேளைக்கு ஒரு வத்தி போதும். பூஜை முடிந்ததும் எஞ்சியதை மணலில் அழுத்தி அணைத்து மறுநாளைக்கு வைக்கலாம். தணலில் இடுவது ஒரு சிட்டிகை.

(4) ஆஸ்துமா நோயாளர், இதய நோயாளர், கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள், முதியோர் உள்ள அறையில் புகை வேண்டா. ‘உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?’ என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேட்டறிக. அவர்களாகக் கூறமாட்டார்கள்.

(5) தலைக்கு நீராட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை விட்டுவிடுக. மெல்லிய துணியால் ஈரம் துவட்டினால் போதும்.

(6) தூபக்காலைத் தரையில் அல்லது அசையாத கல்மேடையில் வைக்க வேண்டும். திரைச்சீலை, காகிதம், ஏடுகள், தோரணம் ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். ஊதுவத்தியை வாழைப்பழத்திலோ கதவிடுக்கிலோ செருகாமல், சாம்பல் விழும் தட்டுள்ள தாங்கியில் செருகுக.

(7) சமையலறையில் தூபம் வேண்டா. எரிவாயுக் கசிவை அறிவிப்பதற்காகவே அதில் துர்நாற்றப் பொருள் கலக்கப்படுகிறது. தூபமணம் அதனை மறைக்கும்; வத்தியின் கனல் தீப்பற்றவும் காரணமாகும்.

(8) கனலும் கரியுடன் அறையைச் சாத்தி உறங்குதல் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

(9) எரியும் தூபத்தைத் தனியே விட்டு வெளியே செல்லற்க. சாம்பலை முழுதும் ஆறிய பின்னரே கொட்டுக.

(10) கற்பூரத்தைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். சிறு அளவு விழுங்கினாலும் வலிப்பு உண்டாகும். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

(11) அந்திக்குப் பின் விளக்கொளியை நாடிப் பூச்சிகள் வரும். ஆதலின் தூபத்தைப் பகற்பொழுதிலேயே முடித்துக்கொள்வது நம் ஆசாரத்திற்கு ஏற்றது.

(12) புகை அறவே ஒவ்வாத இல்லத்தில் அரைத்த சந்தனமோ, தட்டில் வைத்த உலர்ந்த தூபப் பொடியோ போதும். பாவனைக்குக் குறைவில்லை.

7. சுகந்த தசமி

பாத்ரபத மாதம் வளர்பிறை தசமியைச் சுகந்த தசமி என்றும் தூப தசமி என்றும் திகம்பரர் கொண்டாடுவர். அது தசலட்சண பருவத்தின் ஆறாம் நாள். உத்தம சம்யமத்திற்குரிய நாள். நறுமணத்தின் நாளும் புலனடக்கத்தின் நாளும் ஒன்றாக அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

அந்நோன்பின் கதையை நம் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். முனிவருக்கு நல்லுணவு அளிக்க வேண்டிய அரசி, கசப்பான சுரைக்காயை அளித்து அவரை வருத்தினாள். அவ்வினையின் பயனாகப் பின்பிறவியில் துர்க்கந்தம் வீசும் உடலைப் பெற்றாள். நோன்பு நோற்ற பின்னரே அது நீங்கிற்று. இக்கதையில் துர்க்கந்தம் எங்கிருந்து வந்தது? கொடுத்த பொருளால் பிறர் உடல் நொந்ததிலிருந்து வந்தது. அறத்தின் பெயரால் அளித்தது பிறருக்குத் துன்பமாயிற்று. தூபமிடும் ஒவ்வொருவரும் இதனை நினைவில் இருத்த வேண்டும். நாம் அர்ப்பணிக்கும் நறுமணம் அருகில் இருப்பவரின் மூச்சை வருத்துமாயின் அது சுகந்தமாகாது.

என் தந்தையார் உண்மையை அறிந்த நாள் முதல் தூபக்காலை முற்றத்தின் கோடியில் வைத்தார். ஒரு சிட்டிகைக்கு மேல் இடவில்லை. கடிந்துகொண்டதற்காக அவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தணலில் பொடியை இடுமுன் ஒவ்வொரு நாளும், “உள்ளே புகை வருகிறதா?” என்று தாயாரைக் கேட்பார். “இல்லை, இடுங்கள்” என்று அவர் உள்ளேயிருந்து கூறுவார். அதன்பின் தாயார் கிணற்றடிக்கு எழுந்து செல்லவேயில்லை. அந்த ஒரு கேள்வியே யத்னாசாரம். நம் இல்லங்களிலும் அது நாள்தோறும் ஒலிக்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. அஷ்டவித அர்ச்சனையில் தூபத்திற்குரிய பாவனை யாது? எண்வினைகளின் பெயர்களைக் கூறுக.
2. பழைய தூபத்திற்கும் இன்றைய ஊதுவத்திக்கும் எரிபொருளில் உள்ள வேறுபாடு என்ன?
3. பூஜைக்கு ஆகாத தூபச் சரக்குகள் ஐந்தினையும் அவற்றின் காரணங்களையும் எழுதுக.
4. கரி மூட்டும் முன் செய்ய வேண்டுவது யாது?
5. உங்கள் இல்லத்தில் புகை ஒவ்வாதவர் எவரேனும் உளரா? கேட்டறிந்து எழுதுக.

அறவாழி வாழ்க!